மனை வாங்குமுன் மழையைக் கேளுங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஏரியை ஒட்டிய மனை சார், சுற்றுவட்டார விலையைவிடக் குறைவாகத் தருகிறார்கள். வாங்கிப் போடலாமா?

பதில்: விலை ஏன் குறைவு என்று விற்பவர் சொல்லமாட்டார். அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். கரண்ட் மீட்டர் பெட்டிகளை எல்லா வீட்டிலும் நெஞ்சளவுக்கு ஏற்றி வைத்திருக்கிறார்களா? வாஷிங் மெஷின் மேடைமேல் நிற்கிறதா? முழங்காலுக்குக் கீழே மட்டும் புதுப் பெயின்ட் தெரிகிறதா? அங்கே தண்ணீர் வந்து போயிருக்கிறது. பலத்த மழைக்கு மறுநாள் ஒருமுறை போய்ப் பாருங்கள். கோடையில் மனை பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மண் கொட்டி உயர்த்திக் கட்டினால்?

பதில்: வீட்டுக்குள் வராது, தெருவில் நிற்கும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வேலைக்குப் போக வேண்டிய வீட்டில் எந்த வாடகைதாரர் தங்குவார்?

கேள்வி: கடலோர அடுக்குமாடி எப்படி?

பதில்: உப்புக்காற்றைக் கணக்கில் சேருங்கள். உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்; துரு பருத்துக் காரையைப் பிளக்கும். பால்கனியின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். பழுப்புக் கோடுகளும் நீளவாக்கில் விரிசலும் இருந்தால், வாடகையில் நல்ல பங்கு பராமரிப்புக்கே போய்விடும்.

கேள்வி: எங்கள் பகுதியில் 'நூறாண்டு வெள்ளம்' வந்து போய்விட்டது. இனி நம் ஆயுளில் வராது, இல்லையா?

பதில்: இல்லை. எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்பு உண்டு என்பதுதான் அதன் பொருள். போன வருஷம் வந்ததால் இந்த வருஷ வாய்ப்பு குறையாது. 30 ஆண்டில் ஒருமுறையாவது வர ஏறக்குறைய 26 சதவீத வாய்ப்பு.

அவரே மீண்டும்: பக்கத்து ஊரில் பத்து ஆண்டுக்குள் இரண்டு முறை வந்ததே. உங்கள் கணக்கே தப்பு.

பதில்: தற்செயலாகவும் வரலாம். ஆனால் அந்த 1 சதவீதம் பழைய மழைப் பதிவுகளிலிருந்து போட்டது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். கொட்டினால் கூடுதலாகக் கொட்டும். தண்ணீரைக் குடித்த வயல்மேல் இப்போது சிமென்ட் தரை. பழைய வெள்ள அபாய வரைபடத்தை அப்படியே நம்பக் கூடாது.

அவரே: 74 சதவீதம் வராது என்றும் சொல்லலாமே! ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். சொந்தப் பணத்தில், மொத்தமும் போனாலும் தாங்குபவர் அந்த 74ஐ நம்பி வாங்கட்டும். கடன் வாங்கியவர் வெள்ளம் வடிந்த பிறகும் தவணை கட்ட வேண்டும். அவருக்காகத்தான் 26ஐச் சொல்கிறேன்.

கேள்வி: குளத்தங்கரை மனை, விலை மலிவு...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இன்சூரன்ஸ் இருக்கும்போது என்ன கவலை?

பதில்: கடன் 20 ஆண்டு, பாலிசி பெரும்பாலும் ஒரு ஆண்டு. நடுவில் பிரீமியம் ஏறலாம், நிறுவனமே விலகலாம். கட்டுமானச் செலவும் பேரிடர் அபாயமும் கூடியதைச் சொல்லி, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஸ்டேட் ஃபார்ம் என்ற காப்பீட்டு நிறுவனம் 2023 மே மாதத்தில் புதிய வீட்டுக் காப்பீட்டு விண்ணப்பங்களை நிறுத்தியது. காப்பீடு கிடைக்காத வீட்டுக்கு வங்கி தயங்கும். நீங்கள் விற்கும்போது வாங்க வருபவருக்குக் கடன் கிடைக்காமல் போகலாம். அட்வான்ஸுக்கு முன்பே பிரீமியம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பத்திரத்தில் வில்லங்கம் பார்ப்பது எப்படி?

பதில்: வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஏரிக்கரை வேண்டாம் என்றால் மலைச்சரிவில் வாங்கலாமா?

பதில்: சரிவை வெட்டிச் சமன் செய்த மனையா என்று முதலில் பாருங்கள். தாங்குசுவரில் நீர் வடியத் துளைகள் இருக்க வேண்டும், அவை அடைபட்டிருக்கக் கூடாது. சுவர் வெளிப்பக்கம் பிதுங்கியிருந்தாலோ, மேலே மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தாலோ, மண்ணியல் பொறியாளர் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இதையும் மழைக்காலத்திலேயே போய்ப் பாருங்கள்.