கொஞ்சம் கிழிந்து, கறை படிந்த க்யூஆர் கோடுகூட ஸ்கேன் ஆவது எப்படி?

காரணம், பிழை திருத்தக் குறியீடு. தகவலோடு, அந்தத் தகவலிலிருந்தே கணக்கிட்ட சில கூடுதல் எண்களையும் சேர்த்து வைப்பதுதான் அது.

மளிகைக் கடை பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விலை அழிந்துபோனாலும், மொத்தத்திலிருந்து மற்றவற்றைக் கழித்தால் கிடைத்துவிடும். சரி, விலை அழியாமல் தப்பாக மாறியிருந்தால்? மொத்தம் இடிக்கும், ஆனால் எந்த வரியில் தப்பு என்று தெரியாது. அதற்கு இன்னொரு கூட்டல் வேண்டும்: ஒவ்வொரு விலையையும் அதன் வரிசை எண்ணால் பெருக்கிக் கூட்டி, அதையும் பில்லில் எழுதி வைப்பது. முதல் கூட்டலில் 10 ரூபாய் வித்தியாசம், இரண்டாவதில் 40 என்றால், தப்பு 4ஆவது வரியில். இரண்டே எண்களில் இடமும் அளவும் தெரிந்துவிட்டன! எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத கணக்கு இது.

க்யூஆரில் இருப்பது 1960இல் ரீட், சாலமன் என்ற இரு கணிதவியலாளர்கள் வெளியிட்ட முறை. இதே யோசனையின் வலுவான வடிவம். கீறல் விழுந்த சிடி பாடியதும் இதனால்தான். க்யூஆரின் உச்சப் பாதுகாப்பு நிலையில் சுமார் 30 சதவீதம் சேதத்தைச் சரிசெய்யலாம்.

அதற்காக எந்தப் பகுதி போனாலும் பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம்: மூன்று மூலைச் சதுரங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, அவை கெட்டால் கேமரா க்யூஆர் கோடைக் கண்டுபிடிப்பதே கஷ்டம்.