பெங்கால் பூனை என்றால் என்ன? கொழும்பு மாடிவீட்டில் வளர்க்கலாமா?

பெங்கால் பூனை என்பது சிறுத்தை போலப் புள்ளி போட்ட வீட்டுப் பூனை இனம். 1963இல் அமெரிக்காவில் ஜீன் மில், ஆசியச் சிறுத்தைப் பூனை என்ற சிறிய காட்டுப் பூனையை வீட்டுப் பூனையோடு சேர்த்ததில் இதன் கதை தொடங்குகிறது. அந்தக் கலப்பின் நான்காவது தலைமுறையிலிருந்து வருபவற்றையே வீட்டுப் பூனையாகக் கருதுகிறார்கள். சாயத் தேத்தண்ணியில் பால் ஊற்ற ஊற்றக் கடுப்புக் குறையும், நிறம் முழுதாய்ப் போகாது. அதுபோலத்தான், காட்டுக் குணம் அடங்கினாலும் துறுதுறுப்பு நிற்கிறது.

வளர்ப்பதில் சிரமமே அந்தத் துறுதுறுப்புத்தான். முடி குட்டை, வாரம் ஒருமுறை சீவினால் போதும். ஆனால் வெள்ளவத்தை மாடிவீட்டில் காலையில் பூட்டிவிட்டுப் போய் மாலை திரும்பினால், திரைச்சீலை உச்சியில் தொங்கும். பால்கனிக்கு வலை கட்டாயம் வேண்டும். ஏறி உட்காரச் சுவரில் பலகைகள், தினமும் ஓடி விளையாட உங்கள் நேரம், இரண்டும் வேண்டும். தண்ணீர் என்றால் பலவற்றுக்கு ஆசை. குழாய் சொட்டினால் முன்காலை நீட்டித் தட்டித் தட்டிப் பார்க்கும். விசர்நோய்த் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். நேரமில்லாதவர்கள் தயவுசெய்து வாங்கவேண்டாம். தனிமை அதற்குக் கொடுமை.

அப்புறம், பத்தரமுல்லை, தலவத்துகொடைச் சதுப்புநிலப் பக்கம் புள்ளிக் குட்டி ஒன்றைக் கண்டால் பெங்கால் என்று தூக்கி வராதீர்கள்: அது மீன்பிடிப் பூனையாக இருக்கலாம், சட்டம் பாதுகாக்கும் காட்டு விலங்கு.