பத்தேகால் மணி

அன்புள்ள ஐயா,

துப்பறியும் கதை ஒன்று எழுதுகிறேன். ஜனவரியில் கொடைக்கானல் ஏரியில் ஒருவரின் உடல் மிதக்கிறது. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், “மூன்று நாளைக்கு முன் இரவு பத்தேகாலுக்கு இறந்திருக்கிறார்” என்கிறார். அதை வைத்துக் கொலையாளி சிக்குகிறான். இது சரியா? டயட்டம் (நீரில் வாழும் நுண்பாசி) சோதனையையும் சேர்க்கலாமா?

ம., வத்தலக்குண்டு

அன்புள்ள ம.,

சரியில்லை. முதலில், மூன்றாம் நாளே உடல் மிதப்பதை நம்ப முடியவில்லை. உங்கள் ஊர்க் கிணற்றில் கோடையில் ஓரிரு நாளில் மேலே வந்துவிடும். உள்ளே அழுகல் வாயு சேர்ந்தால்தான் உடல் எழும்பும். குளிர்ந்த நீரில் அந்த அழுகலே ஆமை வேகம். ஜனவரி இரவில் காற்றே 10 டிகிரிக்குக் கீழே போகிற மலை இது. வாரக்கணக்கில் அடியிலேயே கிடக்கலாம்.

உடல் ஒரே அளவு அழுகக் காற்றில் ஒரு வாரம், நீரில் இரண்டு வாரம், மண்ணுக்குள் எட்டு வாரம் ஆகும் என்று 19ஆம் நூற்றாண்டில் பெர்லின் மருத்துவர் காஸ்பர் ஒரு கணக்குச் சொன்னார். அதுவும் உத்தேசம்தான். விரல் நுனி வெளுத்துச் சுருங்கியிருக்கும். நாளானால் உள்ளங்கைத் தோல் நகத்தோடு கையுறை போலக் கழன்று வரும். அதெல்லாம் தண்ணீரில் எவ்வளவு நேரம் கிடந்தது என்பதற்குத்தான் சாட்சி. வேறெங்கோ கொன்று மறுநாள் ஏரியில் போட்டிருந்தால்?

நீலகிரியில் நான் குடியிருந்தபோது பக்கத்து வீட்டு அக்காவின் மகனை அணையிலிருந்து எடுத்தார்கள். அவன் காணாமல் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. பிணவறை வாசலில் அக்கா டாக்டரிடம் கேட்டது ஒன்றுதான்: “எந்த நாள்னு சொல்லுங்க சாமி, திதி குடுக்கணும்.” டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “எட்டு நாளிலிருந்து பன்னிரண்டு நாளுக்குள்ள இருக்கலாம்மா. அதுக்கு மேல சொன்னா பொய்” என்றார். உறவுக்காரர்கள் அவரை அடிக்கப் பாய்ந்தார்கள். படித்தவருக்கு இதுகூடத் தெரியாதா, சினிமாவில் நிமிஷக் கணக்காகச் சொல்கிறார்களே என்று கத்தினார்கள். அக்கா மட்டும் அவர் கையை விடவில்லை. திதி தெரியாதவர்களுக்குக் கொடுப்பதுபோல் மகனுக்கு அமாவாசையில்தான் கொடுக்கிறார்.

உங்கள் பத்தேகால் அந்தக் கத்தலுக்குத்தான் தீனி போடுகிறது, ம. படிக்கிறவர்கள் நம்பிவிடுவார்கள், நாளைக்கு இன்னொரு பிணவறை வாசலில் இன்னொரு டாக்டரின் சட்டையைப் பிடிப்பார்கள். உங்களுக்கு நல்ல கை இருக்கிறது, அதனால்தான் கோபமாக எழுதுகிறேன். டாக்டர் ஒரு வரம்பை மட்டும் சொல்லட்டும். கடைசியாக அவனை யார் பார்த்தார்கள், எந்தக் கடையில் டீ குடித்தான், செல்போன் எப்போது அணைந்தது என்று உங்கள் இன்ஸ்பெக்டர் தெருத்தெருவாக அலையட்டும். நேரத்தைச் சுருக்குவது அந்த அலைச்சல்தான். கதையும் அங்கேதான் இருக்கிறது.

டயட்டம் சோதனை, ஆள் நீரில் மூழ்கித்தான் இறந்தாரா என்று பார்ப்பதற்கு. நேரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எடுத்துவிடுங்கள்.