முழு சூரிய கிரகணம் பார்க்க எப்படித் தயாராவது?

கேள்வி: 2027 ஆகஸ்ட் 2 முழு சூரிய கிரகணத்துக்கு எகிப்தின் லக்சர் போகிறோம். என்னென்ன முன்னேற்பாடு வேண்டும்?

முதலில் நான் கோட்டை விட்ட கதை. 2017 ஆகஸ்ட் 21 அன்று அட்லாண்டாவில் இருந்தேன். சூரியன் 97 சதவீதம் மறையும் என்றார்கள். மிச்சம் மூன்று சதவீதத்துக்காக யார் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டுவது என்று ஆபீஸ் பார்க்கிங்கிலேயே நின்றுவிட்டேன். வெயில் கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். அந்த மூன்று சதவீதமே பகலைப் பகலாக வைத்திருக்கப் போதும். நிலவின் முழு நிழல் ஓடும் பாதைக்கு உள்ளே நின்றால்தான் முழு கிரகணம். அந்த விதத்தில் லக்சர் அருமையான தேர்வு. ஆறு நிமிடத்துக்கு மேல் முழு மறைப்பு, மேகத் தொல்லையும் அநேகமாக இருக்காது.

2024 ஏப்ரல் 8 முழு கிரகணத்தை விடவில்லை. எட்டு மணி நேரம் ஓட்டி இந்தியானாவின் ப்ளூமிங்டன் போய்ச் சேர்ந்தோம். (அம்மா போனில், "இங்கே தெரியாத கிரகணம், எங்களுக்குத் தீட்டில்லை. நீ சாப்பிட்டுட்டு நிக்காதே" என்றார். புளியோதரை காலி.)

கிரகணம் பார்க்கும் கண்ணாடியில் ஐஎஸ்ஓ 12312-2 என்று (சூரியனைப் பார்க்கும் ஃபில்டருக்கான சர்வதேசத் தர எண்) இருக்க வேண்டும். அச்சை மட்டும் நம்பாமல் வீட்டில் போட்டுப் பாருங்கள். சுவர், ஜன்னல், ஆள் எதுவுமே தெரியக் கூடாது. அதைப் போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்க்கவே கூடாது. லென்ஸ் குவிக்கும் வெயில் கண்ணாடியைப் பொசுக்கிவிட்டு அடுத்து கண்ணுக்கு வரும். ஃபில்டர் பைனாகுலரின் முன்பக்கம் இருக்க வேண்டும்.

காசு கொடுத்து வாங்கியதையெல்லாம் தோற்கடித்தது வீட்டுப் பூந்திக் கரண்டிதான். வெள்ளைச் சார்ட்டுக்கு மேலே பிடித்தால் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு குட்டிப் பிறை! பக்கத்துக் குழந்தைகள் வரிசை கட்டிவிட்டார்கள்.

ப்ளூமிங்டனில் மதியம் மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு வைரமோதிரம் (சூரியன் முழுக்க மறையும் முன் ஓரத்தில் மின்னும் கடைசி ஒளிப்பொட்டு) மின்னி அணைந்தது. அந்த நொடியில்தான் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். பலர் பயந்துபோய் கழற்றுவதே இல்லை. பார்க்கிங் விளக்குகள் தாமாக எரிந்தன. சுற்றிலும் அடிவானம் முழுக்க அந்திச் சிவப்பு. மேலே கறுப்பு வட்டம், அதைச் சுற்றி வெள்ளை இழைகள், கீழ் ஓரத்தில் குங்குமத்தை ஒற்றி எடுத்த மாதிரி ஒரு புள்ளி. சூரியனிலிருந்து எழும் தழல் அது. கிடைத்த நான்கு நிமிடத்தில் ஒன்றை மொபைலுக்குத் தாரை வார்த்தேன். படத்தில் இருப்பது ஒரு வெள்ளைத் திட்டு. முதல் ஒளிப்பொட்டு திரும்பியதும் மறுபடி கண்ணாடி.

லக்சரில் இது மதியம் நடக்கும். வெயில் நாற்பது டிகிரிக்கு மேலேயே இருக்கலாம். தண்ணீர், தொப்பி, நிழலுக்குக் குடை. அப்புறம் ஒரு பாய். சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே இருக்கும், ஆறு நிமிடம் அண்ணாந்து நின்றால் கழுத்து பிடித்துக்கொள்ளும். படுத்துக்கொண்டே பாருங்கள்.