வேலையை விட்டுவிட்டு ஏழு கறிச் சாப்பாட்டுக் கடை தொடங்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 36 வயது. மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் இருக்கிறோம். எபேனில் பிரெஞ்சு வாடிக்கையாளர்களுக்கான ஒரு கால் சென்டரில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கைக்கு 42 ஆயிரம் ரூபாய் வருகிறது. கணவர் ஹோட்டலில் இருக்கிறார், அவருக்கு 28 ஆயிரம். வீட்டுக் கடன் தவணை உட்பட மாதச் செலவு 52 ஆயிரம். சேமிப்பு 1 லட்சத்து 80 ஆயிரம். ஆபீஸில் இப்போது ஏஐ சாட்பாட் வந்துவிட்டது. விலகிப் போகிறவர்கள் இடத்துக்கு ஆள் எடுப்பதில்லை. எனக்குச் சமையல் என்றால் உயிர். ஏழு வகைக் காய்கறிக் கறிகளோடு வாழை இலையில் பரிமாறும் ஏழு கறிச் சாப்பாட்டுக்கு மாதம் இரண்டு ஆர்டர் வருகிறது, பாதிக்குப் பாதி லாபம். எப்படியும் போகப்போகிற வேலைதானே? நானே ராஜினாமா செய்துவிட்டு, ஒன்றரை லட்சம் போட்டுக் கடை எடுக்கலாமா?

பதில்: சகோதரி, ராஜினாமா கடிதத்தை இப்போது கொடுக்காதீர்கள். சமையலையும் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் பயம் வீண் பயம் இல்லை. நிரந்தரம் என்று நம்பிய வேலைகள் கண்ணெதிரே கரைந்ததை மொரீஷியஸில் நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணி வாங்கலாம் என்று வரம்பு வைத்திருந்த உலக ஜவுளி ஒதுக்கீட்டு முறை 2004 முடிவில் முடிந்தது. அதையொட்டி ஆலைகள் மூடியபோது வேலை இழந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஐரோப்பா உறுதியான விலைக்கு நம் சர்க்கரையை வாங்கிவந்த ஒப்பந்தம் 2009-ல் முடிந்தது.

என் அப்பா கரும்புத் தோட்டத் தொழிலாளி. 2001-ல் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் வெளியே வந்தார். ரொக்கமும் ஒரு மனையும் கிடைத்தன. அவருக்குக் காய்கறித் தோட்டம் என்றால் கொள்ளை ஆசை. ரொக்கம் முழுவதையும் போட்டு ஒரு வேன் வாங்கி, காய்கறி வியாபாரத்தில் இறங்கினார். செடி வளர்ப்பதில் அவர் கைராசிக்காரர், ஆனால் அதுவரை ஒரு கிலோ கத்தரிக்காய்கூட விற்றதில்லை. பழகியிருப்பார், ஆனால் அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை, மாதச் சம்பளம்தான் நின்றுவிட்டதே. இரண்டே வருடத்தில் வேனை விற்றோம். அப்பாவின் ஆசையில் தவறில்லை. சம்பளம் வந்துகொண்டிருந்த காலத்திலேயே அவர் விற்றுப் பழகியிருக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் காலம் இன்னும் கையில் இருக்கிறது.

சரி, உங்கள் கணக்கைப் பார்ப்போம். உங்கள் சம்பளம் நின்றால் வீட்டில் மாதம் 24 ஆயிரம் துண்டு விழும். சேமிப்பைத் தொடாமல் வைத்திருந்தால் ஏழரை மாதம் தாங்கும். கடைக்கு ஒன்றரை லட்சம் போய்விட்டால் மிச்சம் 30 ஆயிரம். அது ஐந்து வாரத்துக்குத்தான் வரும். புதுக் கடை எதுவும் ஐந்து வாரத்தில் காலூன்றாது.

பாதிக்குப் பாதி லாபம் என்பதிலும் எனக்குச் சந்தேகம். 40 பேருக்குச் சமைக்கிறீர்கள், இலைக்கு 350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரவு 14 ஆயிரம். மளிகையும் காய்கறியும் 6,500, உதவிக்கு வருபவருக்கு 1,500, வண்டிக்கு 1,200, கேஸ், இலை, மற்றவை 500. கையில் நிற்பது 4,300. மூன்று நாள் நீங்கள் நின்ற நிற்புக்கும் கூலி அதற்குள்ளேதான். 24 ஆயிரத்தை ஈடுகட்ட மாதம் ஆறு ஆர்டர் வேண்டும், வருவதோ இரண்டு. நான் போட்டவை உத்தேச எண்கள்தான். உங்கள் உண்மையான எண்களை, கொத்தமல்லிக் கட்டு வரைக்கும், இன்றே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள்.

இன்னொன்று, இதைத்தான் பலர் யோசிப்பதில்லை. நீங்களாக விலகுவதும் அவர்கள் நிறுத்துவதும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர், வேலை இழந்தவர்களுக்கான அரசின் வொர்க்ஃபேர் திட்டத்தில் சேரலாம். முதல் மூன்று மாதம் அடிப்படைச் சம்பளத்தில் 90%, அடுத்த மூன்று மாதம் 60%, அதற்கடுத்த ஆறு மாதம் 30% உதவித்தொகை உண்டு. வேறு வேலை, பயிற்சி, சிறுதொழில் என மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், உங்கள் சமையல் தொழிலுக்கே அது கைகொடுக்கும். நிறுத்தியது நியாயமற்றது என்று தீர்ப்பானால் 12 மாத சேவைக்கு மூன்று மாதச் சம்பளம் என்ற கணக்கில் இழப்பீடு உண்டு. உங்களுக்கு 11 வருட சேவை, யோசித்துப் பாருங்கள். ராஜினாமா செய்தால் இது எதுவும் கிடையாது. ஆட்குறைப்புப் பேச்சு வந்து, விருப்ப விலகல் கடிதத்தில் கையெழுத்து கேட்டால், என்ன தருகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கித் தொழிலாளர் அலுவலகத்தில் காட்டாமல் பேனாவைத் தொடாதீர்கள்.

அப்புறம் கடை. இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். ஏழு கறி விசேஷத்துக்குச் சாப்பிடுவது. தெருவில் போகிறவர் தினமும் வந்து கேட்கும் பண்டம் இல்லை. ஆர்டர் வந்தால் மட்டும் சமைப்பதில் வாடகையும் இல்லை, மிஞ்சிப்போகும் ரசமும் இல்லை. கையில் இருக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்து இரண்டு பெரிய அண்டா வாங்குங்கள், உணவு கையாள்வோர் சான்றிதழை முடித்துவிடுங்கள். இலைக்கு 25 ரூபாய் கூட்டிக் கேட்டுப் பாருங்கள். 40 இலைக்கு ஆயிரம் ரூபாய் அதிகம் வரும், அந்த 4,300 அப்போது 5,300 ஆகும். இந்த வருட இறுதி போனஸைச் செலவழிக்காமல் சேமிப்பில் போடுங்கள். சொந்தத் தொழிலில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் தர யாரும் இருக்க மாட்டார்கள்.

சேமிப்பு 3 லட்சத்தைத் தொட்டு, தொடர்ந்து மூன்று மாதம், மாதத்துக்கு நான்கு ஆர்டர் வந்தால் எனக்கு எழுதுங்கள். வேலையில் இருந்துகொண்டே அதற்கு மேல் ஆர்டர் எடுக்க உடம்பு இடம் கொடுக்காது. ஆகவே அந்தக் கட்டத்தில் விலகுவதைப் பற்றி நானே உங்களோடு உட்கார்ந்து பேசுவேன். அதற்கு முன்பே ஆபீஸ் உங்களை நிறுத்திவிட்டால், மேலே சொன்ன உதவித்தொகையும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சமையலும் கையில் இருக்கும்.

உங்கள் கணவர் வேலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச்சில் எல்லை மூடியபோது ஹோட்டல்காரர்கள் பட்ட பாடு அவருக்கு மறந்திருக்காது. தீவு முழுமையாகத் திறக்க 2021 அக்டோபர் ஆனது. வீட்டுக் கடனைக் கூட்டி, வீட்டை அடமானம் வைத்துத் தொழிலுக்குப் பணம் தருவதாக வங்கியில் யாராவது சொன்னால், இருவரும் சேர்ந்தே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.