எடிட்டிங் மேசைக்கு 'இறங்கி' வந்தாரா?

கேள்வி: ரீனா மோகன் 'கமலாபாய்' என்று அருமையான ஒரு டாக்குமெண்டரி எடுத்தார், தேசிய விருதும் கிடைத்தது. அப்புறம் அடுத்தவர் படங்களுக்கு எடிட்டிங், மாணவர்களுக்கு வகுப்பு என்று இறங்கிவிட்டாரே, திறமை வீணாகவில்லையா? (ஒரு வாசகர், தேனி)

பதில்: யார் இறங்கியது? அவர் புனே திரைப்படக் கல்லூரியில் படித்ததே எடிட்டிங்தான். படம் எடுத்தது அதற்குப் பிறகு. 'கமலாபாய்'க்கு அப்புறமும் 'ஸ்கின் டீப்' போன்ற படங்களை எடுத்திருக்கிறார், அதை நீங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டிக்கொண்டிருந்த 1913இல், இந்திய சினிமாவைத் தொடங்கிவைத்த தாதாசாகேப் பால்கேயின் 'மோகினி பஸ்மாசுர்' படத்தில் அம்மா துர்காபாயோடு சேர்ந்து நடித்த சிறுமிதான் கமலாபாய் கோகலே. ரீனா கேமராவோடு போய் நின்றபோது அவர் தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்த பாட்டி. அன்றைக்கு டாக்குமெண்டரி என்றால் பெரும்பாலும் 16 எம்.எம். ஃபிலிம், 400 அடி ரோல் பதினோரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும், வயதானவர்களோ நாம் கேட்டதை விட்டுவிட்டு வேறெதையோ சொல்வார்கள், நடுவில் பழைய நாடக வசனம் ஒன்று வந்து விழும். எதை வைப்பது, எதை வெட்டுவது என்று தெரியாதவர் கையில் இது வெறும் பேட்டியாகத்தான் முடிந்திருக்கும். டாக்குமெண்டரிக்குக் கதை எழுதப்படுவதே எடிட்டிங் மேசையில்தான் ஐயா.

சரி, பணத்துக்கு வருவோம். இந்தப் படங்களுக்குத் தியேட்டர் கிடையாது. தூர்தர்ஷனில் வர வேண்டுமென்றால் டாக்குமெண்டரி இயக்குநர் ஆனந்த் பட்வர்த்தன் மாதிரி கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும். அவருடைய 'ஜெய் பீம் காம்ரேட்' முடியப் பதினாலு வருஷம் ஆனது. சொத்துபத்து இல்லாத ஒருவர் அத்தனை வருஷம் எதைச் சாப்பிடுவார்? ஒரு ஸ்பான்சரைப் பிடித்து, அவர் சொன்னதை எடுத்துக் கொடுக்கலாம். இல்லையென்றால் அடுத்தவர் படத்தை எடிட் செய்து, பாடம் சொல்லிக்கொடுத்து, தன் படத்தில் யாரும் மூக்கை நுழைக்காதபடி பார்த்துக்கொள்ளலாம். சுயாதீனம் என்று நாம் பெரிதாகப் பேசுகிற சமாச்சாரம் நடைமுறையில் பெரும்பாலும் இந்த இரண்டு சம்பளத்தில்தான் ஓடுகிறது. வகுப்பு எடுப்பதும் வெறும் பிழைப்பு இல்லை. ஒரு பையனோ பெண்ணோ கொண்டுவருகிற 'ரஃப் கட்'டை, அதாவது முதல்கட்டமாகத் தொகுத்த படத்தைப் பார்த்து 'இந்தப் பத்து நிமிஷம் வேண்டாம்' என்று சொல்ல ஆள் வேண்டும், அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இங்கே குறைவு.

நம் எடிட்டர் பி. லெனின் 'நாக் அவுட்' குறும்படம் எடுத்துத் தேசிய விருது வாங்கிய பிறகும் எடிட்டிங் வேலையை விடவில்லை. அவரிடம் போய் ஏன் சார் வீணாகிவிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்களேன்.