மருத்துவர் ஏன் குடிப்பழக்கம் பற்றிக் கேட்டார்?

கேள்வி: பால்வினை நோய்ப் பரிசோதனைக்குச் சென்ற என்னிடம் மருத்துவர் குடிப்பழக்கம் பற்றியும் மனச்சோர்வு பற்றியும் விசாரித்தார். இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பதில்: நெருங்கிய தொடர்பு உண்டு. போதையில் ஆணுறையை மறப்பதும், முடிவுக்காகக் காத்திருக்கும் பதற்றத்தைத் தணிக்க மீண்டும் குடிப்பதும், அந்த மதுவே மனச்சோர்வை ஆழப்படுத்துவதும் ஒன்றையொன்று வளர்ப்பதால், தொற்றுக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்புவது என் பார்வையில் அரைகுறைச் சிகிச்சையே. உலகச் சுகாதார அமைப்பு உருவாக்கிய 10 கேள்விகள் கொண்ட வினாத்தாளில் 8 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தால், குடிப்பழக்கம் தீங்கு தரும் அளவை எட்டியிருக்கக்கூடும் என்று கொள்வார்கள்; ஒழுக்கத்தை எடைபோடுவது (பலர் அப்படித்தான் அஞ்சுகிறார்கள்) அதன் நோக்கமன்று. தயங்காமல் உண்மையைச் சொல்லுங்கள். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவராயின், திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடுமாதலால், மருத்துவரின் மேற்பார்வையிலேயே நிறுத்துங்கள்.